ஏழு நாளில் மாறியவை

அப்பா தலையணைக்குள் முகம் புதைத்தபடி மகளிடம் பேசினார்.

"அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்மா. ஆறு வருஷத்துல ஒரு வாரம்கூடத் தவறினதில்ல."

விழித்திரையில் அறுவை சிகிச்சை. எட்டு நாள் குப்புறவே கிடக்க வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். இன்று வெள்ளிக்கிழமை, ஆறாவது நாள்.

ஞாயிறு இதழின் குறுக்கெழுத்துப் புதிர் இன்னும் வரவில்லை என்று பத்திரிகையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். அதில் அப்பாவின் பெயரைப் பார்த்துத்தான் தெருவில் எல்லோருக்கும் அவர் 'கட்டம் சார்'. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்பது பலருக்குத் தெரியாது.

அம்மா சொட்டு மருந்து வாங்கப் போயிருந்தாள். கூப்பிட்டுப் பார்த்தால், அவளுடைய போன் ஃபிரிட்ஜ் மேலேயே அடித்து ஓய்ந்தது.

மணி நாலு நாற்பது.

'புதிர்' ஃபோல்டரில் பழையவைதான் இருந்தன. கம்ப்யூட்டரில் மற்றதெல்லாம் ஒரே குப்பை. ஒவ்வொன்றாகத் திறந்தால் விடிந்துவிடும். மகள், தன் ஆபீஸில் செய்வதைப் போல, கோப்பு தேட நாலு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். எல்லா ஃபோல்டருக்குள்ளும் நுழை; கடந்த ஏழு நாளில் மாறிய கோப்புகளை மட்டும் காட்டு.

மூன்று வந்தன.

ஒன்று ஸ்கேன் ரிப்போர்ட். ஒன்று பேத்தியின் போட்டோ. மூன்றாவது, வாஷிங் மெஷின் வாரண்டி ஃபோல்டருக்குள் ஒளிந்திருந்தது: 'இந்தவாரம் புதுசு கடைசி'.

திறந்தாள். கட்டங்கள்!

மாறிய நேரம் புதன், காலை பதினொன்று. அப்பா படுத்தபடி சொல்லச் சொல்ல, அம்மா டைப் அடித்திருப்பாள். பாவம்.

மேலிருந்து கீழ் ஒன்பதுக்கு மட்டும் குறிப்பு இல்லை.

"அப்பா, ஒம்பதுக்கு என்ன போடட்டும்?"

"அம்மா வந்துடட்டும்."

நாலு ஐம்பத்திரண்டுக்கு அம்மா வந்தாள். திரையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே ஒரு வரி அடித்துவிட்டு, மருந்தைப் பிரிக்கச் சமையலறைக்குப் போனாள்.

'அழைக்காமல் வரும், வந்ததும் ஆயுசு நூறு என்பார்கள்.'

மகள் அனுப்பிவிட்டு, சிரிப்பு தாங்காமல் அப்பாவிடம் ஓடினாள்.

"போயிடுச்சுப்பா! ஒம்பதுக்கு தும்மலா? சூப்பர்—"

"அடிப்பாவி!" தலையணை அதிர்ந்தது. "விடையைச் சொல்லிட்டியே! ஞாயித்துக்கிழமை நான் எதைப் போட்டுப் பாக்கிறது?"