பூஜ்யத்தைத் தாண்டும் முள்

பட்டறைக் கூரையின் ஓட்டை வழியாகக் காலை வெயில் சரிந்து, பானட் திறந்த காரின் எஞ்சின்மேல் உள்ளங்கை அகலத்துக்கு விழுகிறது. பதினொரு வருடமாக அக்காவை வேலைக்குச் சுமந்துபோகும் சாதாரணக் கார் அது. முன்சக்கரங்களை மட்டும் இழுக்கும் சின்ன எஞ்சின். அதன் விலாவோடு ஒட்டி, காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும் சூப்பர்சார்ஜரை மெக்கானிக் தம்பி பொருத்தியிருக்கிறான். பெல்ட் மாட்டி அதைச் சுழற்றும் புல்லிச் சக்கரத்தை லேத்தில் கடைந்தவள் அக்கா. போன இரண்டு முறை ஓடவிட்டபோதும் பெல்ட் அறுந்துபோனது. குறை புல்லியிலா, பொருத்தியதிலா என்று இருவரும் ஒரு வாரம் முகம்கொடுத்துப் பேசவில்லை. இது அவள் புதிதாகக் கடைந்த புல்லி.

"போடட்டுமாக்கா?"

"போடு. இப்பவும் அறுந்துச்சுன்னா நாளைக்கு உன் முதுகுலதான் வேலைக்குப் போவேன்."

சாவி திரும்புகிறது. எஞ்சின் இருமிவிட்டு நிதானப்படுகிறது. பெல்ட் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. இழுத்துக் கட்டிய கறுப்புக் கோடுபோல் அத்தனை அசங்காமல் இருக்கிறது. தம்பி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறான். மெல்லிய சீழ்க்கை ஒன்று எழுந்து, ஏறி, தகரச் சுவர்களை அதிரவைக்கிறது. பானட் ஓரம் கட்டியிருக்கும் அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்குக் கீழிருந்து துள்ளி, அதைத் தாண்டுகிறது; காற்று அமுங்கி எஞ்சினுக்குள் இறங்குகிறது. அக்கா தன்னையறியாமல் காற்றுக்குழாயின் வாயருகே கையைக் கொண்டுபோகிறாள். உள்ளங்கையை யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருக்கிறது. வெடுக்கென்று எடுத்துக்கொள்கிறாள்.

"இத்தனை வருஷமா மூச்சு முட்டிக்கிட்டாடா ஓடுச்சு இது?"

தம்பி கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எட்டிப் பார்க்கிறான். அவன் கண்கள் கலங்கியிருக்கின்றன.

"இன்னொரு வாட்டி மிதி," என்கிறாள் அக்கா.