ஆஃபர் வரட்டும்

கேமரா வாங்குவதென்று சிவராஜ் முடிவெடுத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் அவன். பகலெல்லாம் உதிரி பாகங்களில் குறை தேடும் கண், மத்திகிரி வீட்டுக்கு வந்ததும் போனில் கேமரா விலை தேடும்.

"ஏங்க, ஆரம்ப மாடல் டிஎஸ்எல்ஆர்தானே? வாங்கிடுங்களேன்," என்றாள் மனைவி ஜெயப்ரியா, பெரிய தோள்பையை மாட்டிக்கொண்டே.

"பொறும்மா. தசராவுக்குப் பெங்களூருல விலை இறங்கும். தீபாவளிக்கு நம்ம ஓசூருல இன்னும் இறங்கும். புது மாடல் வந்துட்டா இதை யாரும் சீண்ட மாட்டாங்க, அப்ப வாங்கலாம்."

"சரிங்க. பர்கூருல ஒரு கல்யாணம், போயிட்டு வந்துடறேன்."

முகூர்த்த நாள் தவறாமல் அவளுக்கு எங்காவது ஒரு கல்யாணம் இருந்தது. மாமனார் வீட்டுச் சொந்தம் இவ்வளவு பெரிதா என்று மலைத்துவிட்டு, சிவராஜ் மறுபடியும் போனுக்குள் போய்விடுவான்.

அடுத்த முகூர்த்தத்தில் அவனோடு வேலை செய்யும் நண்பனுக்குக் கிருஷ்ணகிரியில் கல்யாணம். மேடையேறி, விளக்கு வெளிச்சத்தில் கண்கூச, மாப்பிள்ளை பக்கத்தில் விறைப்பாக நின்றான்.

"கொஞ்சம் சிரிங்க!" என்றது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

தினமும் கேட்கிற குரல். கேமரா கீழே இறங்கியது. ஜெயப்ரியா!

"இது... எப்ப வாங்கின?"

"ரெண்டு வருசம் ஆச்சுங்க. பீரோவுல உங்க சட்டைக்குப் பக்கத்துலதான் இருக்குது."

வாழ்த்த வந்தவர்களின் வரிசை படிக்கட்டைத் தாண்டியது. சிவராஜ் கேமராவை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, மாடல் நம்பரைப் படித்தான். முகம் சுருங்கிவிட்டது.

"இதுக்குத்தான் பொறு பொறுன்னேன்! இந்த மாடல் இப்ப நாலாயிரம் கம்மி!"