மூன்றாவது மேலுரம்

அன்னக்கூடை இடுப்பில் இருந்தது. கை அள்ளியது. வீசியது. யூரியா வெள்ளையாகச் சிதறி விழுந்தது.

இது மூன்றாவது மேலுரம்.

முதல் தடவை போட்டபோது பயிர் நாலு நாள் பச்சை காட்டியது. அந்தப் பச்சையை நம்பித்தான் மனுஷன் இன்னும் வீசிக்கொண்டிருக்கிறான்.

உரம் போதாத பசியில் பயிருக்கு வரும் மஞ்சள் அடி இலை முழுக்கப் பரவும். இது நுனியில் தொடங்கியது. நுனி வெளுத்து, சுருண்டு, இப்போது பாதி இலைவரை கருகிவிட்டது.

உப்பு.

அவனுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும்.

ஆற்றுத் தண்ணீர் வரவில்லை. உரம் கரைய வேண்டுமே என்று போர் மோட்டாரைப் போட்டான். கடல் பக்கம், போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். உரம் போட்டான், அதைக் கரைக்க உப்பை இறைத்தான், பயிர் வாடியது, மறுபடி உரம் போட்டான். வேர் எதைத்தான் குடிக்கும்?

வரப்போரம் காய்ந்த மண்ணில் உப்புப் பூத்திருந்தது. அங்கே கிடந்த வெள்ளையில் யூரியா எது, உப்பு எது என்று தெரியவில்லை.

சுற்றிலும் எல்லாம் இறால் குட்டை. இந்த வெள்ளாமையும் போனால் இதையும் குட்டைக்குக் கொடுத்துவிடுவது என்று போன தையிலேயே வீட்டில் பேசியாயிற்று. நேற்று குட்டைக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டார். பயிர் நிற்கிறது என்று சொல்லி அனுப்பினான்.

வருத்தம் வர வேண்டும். வரவில்லை. கைதான் அள்ளியது, வீசியது.

கூடை காலியானது. வரப்பில் ஏறி உட்கார்ந்தான்.

அவன் மனைவி அஞ்சம்மாள் வந்தாள். கையில் பசுவின் கயிறு.

தேறாத பயிரில் மாட்டை இறக்கி மேயவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மாடு இறங்கிவிட்டால் பயிரைக் கைவிட்டாயிற்று என்று அர்த்தம், அப்புறம் யாரும் வந்து எதுவும் கேட்க வேண்டியதில்லை.

அவள் வயலைப் பார்த்தாள். பிறகு அவனை.

"அவுத்து விட்டுடவாங்க?"

அவன் தலை நிமிரவில்லை.

"இன்னிக்கு வேணாம் புள்ள. யூரியா வீசியிருக்கு. தின்னா மாடு செத்துப்போவும்."

காலிக் கூடையைக் கவிழ்த்துத் தட்டினான்.

"நாலு நாள் போவட்டும்."

அவள் மாட்டைத் திருப்பினாள்.

வயலில் மாட்டை விடாதே என்பான், சண்டை போடலாம் என்றுதான் வந்திருந்தாள். அவன் நாலு நாள்தான் கேட்டான்.