வாசலில் மணல்

மகாராஜபுரத்துப் பள்ளிக்கூடத்தில் போலீஸ் குடியிருக்கிறது. மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் வெட்டுக்குத்து நடந்ததிலிருந்து பெஞ்சுகளில் அவர்கள்தான் படுக்கிறார்கள். கரும்பலகை மேல் சிவப்புத் தலைப்பாகைகள் காய்கின்றன. ஊர் அடங்கும்வரை பிள்ளைகளுக்கு இங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். டீச்சர் ஞானரத்தினம் இன்று விடிந்ததும் ஓடை மணலைப் பெட்டி பெட்டியாகச் சுமந்து வந்து, பள்ளிக்கூடத்தின் ஒரே வாசல் முழுக்கப் பரப்பியிருக்கிறாள். இரண்டு தெருப் பிள்ளைகளும் அதில் குனிந்து, உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுகிறார்கள். காலை வெயில் சாய்வாக விழுவதால் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் நிற்கிறது. தெருவில் போலீஸ் லாரி ஹாரன் அடிக்கிறது. ஏட்டு சுயம்புலிங்கம் பூட்சை மாட்டிக்கொண்டு நிலைப்படிக்கு வருகிறார்.

“வழிய விடும்மா. சோலி கெடக்கு.”

“நான் எங்கய்யா மறிச்சேன்? எழுத்த மிதிச்சிட்டுப் போங்க.”

அவர் லத்தியை இறுக்கிப் பிடிக்கிறார். நின்ற இடத்தைவிட்டு ஞானரத்தினம் அசையவில்லை. பூட்சுக் கால் எழும்பி அந்தரத்தில் நிற்கிறது. கிழிந்த காகிதம் காலில் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மண்ணில் பிறந்தவர் அவர். பிள்ளைகள் சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தக் காலையே பார்க்கிறார்கள். ஹாரன் மறுபடியும் அலறுகிறது. கால் மெல்ல உள்ளே திரும்பிப் போகிறது.

“ஏட்டி வேலுத்தாயி,” முன்வரிசைச் சிறுமியை ஞானரத்தினம் கூப்பிடுகிறாள். “அவிய பூட்சுக்கு முன்னால இம்புட்டு எடம் சும்மா கெடக்கு பாரு. அதுலயும் எழுது.”