பதினேழாவது வெள்ளிக்காசு

தொண்ணூற்றேழில் விசாலம் தினமும் கரமனையிலிருந்து பஸ் பிடித்து, பழைய ரோமானிய வெள்ளிக்காசுகளை அடையாளம் காணும் அருங்காட்சியக வேலைக்குப் போய்வந்தாள். இருபது காசுகளில் பத்தொன்பதுக்கு அரசன் பெயர் கிடைத்துவிட்டது. பதினேழாவதில் மட்டும், வலப்பக்கம் பார்த்திருந்த தலையின் மூக்கு விளிம்பைத் தொட்டுக்கொண்டு பெயரெழுத்துகளை மறைத்தது.

"அத விட்டுடு விசாலம். தெரியலைன்னு எழுதினா மதி, அது போதும். வெள்ளிக்கிழமை காசுப் பெட்டிக்கு சீல் வெக்கணும்" என்றார் மேலதிகாரி ஆனந்தகிருஷ்ணன்.

"பேரில்லாம அனுப்ப மாட்டேன் சார். அதுவரைக்கும் டைம் தாங்கோ."

செவ்வாயன்று மூக்குக்கும் விளிம்புக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்திருந்தது. புதனன்று ஒன்றேகால். வேறு வெர்னியர் அளவுகோல் வைத்தும் அதே அளவுதான் வந்தது. லென்ஸில் பார்த்தால், முகத்தின் இரண்டாவது கண் தெரியத் தொடங்கியிருந்தது. விசாலம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்; படிக்க இன்னும் இரண்டு எழுத்து மீதமிருந்தது.

வியாழனன்று முகம் நேராக அவளைப் பார்த்தது. அவள் அந்தக் கண்களைப் பார்க்காமல் எழுத்துகளை மட்டும் படித்து, 'திபேரியஸ்' என்று அட்டையில் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலை, சீல் வைக்குமுன் ஒருமுறை பெட்டியைத் திறந்தாள். காசில் முகம் இல்லை. ஒருவனுடைய பின்தலையும், இலைமாலையை முடிந்திருந்த இரண்டு நாடாக்களும் இருந்தன.

விசாலம் அளந்து பார்த்தாள். தலை நேற்றைவிட மூன்று மில்லிமீட்டர் சிறிதாகியிருந்தது.