பெரட்டில் பெரியம்மா பெயர்

அறுபத்தெட்டு வயது ராஜம்மா பெரியம்மாவைத் தினமும் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரவழைத்து, பெயர் கூப்பிட்டு, வேலை கொடுக்காமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார், எஸ்டேட் ஆட்களை மேய்க்கும் மண்டோர் மகேஸ்வரன்.

செமஸ்டர் விடுமுறைக்கு ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டுக்குப் போன நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆபீஸ் வாசலில் வரிசை. செம்பனை வெட்டுகிறவர்கள் எல்லாரும் வெளிநாட்டுப் பையன்கள். ஓரத்தில் ஏழெட்டு நரைத்த தலைகள். பெயரைக் கூப்பிட்டதும் பெரியம்மா "இருக்கேன்" என்றார். அவ்வளவுதான், வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

அவர் வேலையை விட்டே இரண்டு வருடமாகிறது. அப்புறம் எதற்குப் பெயர்?

"கூப்பிடுறாங்க, போறேன். உனக்கென்ன லா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

மறுநாள் பெரட்டிலேயே மண்டோரைப் பிடித்தேன். வேலையை விட்டவரை வேலைக்குக் கூப்பிடுவது எந்தச் சட்டம், இருட்டில் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு, லேபர் ஆபீசுக்கு எழுதட்டுமா என்று அடுக்கினேன்.

அவர் ஒருமுறை அந்த நரைத்த தலைகளைப் பார்த்தார்.

"எங்கேருந்து வர்றம்மா?"

"தெப்ராவ், ஜோகூர் பாரு பக்கம்."

"அங்கெல்லாம் பெரட்டு இல்லையோ?"

"மனுஷங்களை இப்படி அலையவிடுறதும் இல்லை."

"சரிம்மா. நீ இருக்கிற வரைக்கும் கூப்பிடல."

நான் இருந்தால் என்ன, போனால் என்ன? குழப்பமாக இருந்தாலும், ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் மண்டோர் பெரியம்மா பெயரைக் கூப்பிடாமல் தாண்டிப் போனார். பெரியம்மா கடைசிப் பெயர்வரை நின்றார். வீட்டுக்கு வந்து கோப்பியைத் தொடவில்லை.

"என் பேரை ஏன் எடுத்துட்டாங்க?"

மறுபடியும் மண்டோரிடம் ஓடினேன். நல்லவேளை, தனியாக இருந்தார்.

"அங்கிள், நிஜமாவே புரியல. எதுக்கு இது?"

"போன வருஷம், இங்க தனியா இருந்த வெள்ளையம்மா குளியலறையில விழுந்து கிடந்தாங்க. ரெண்டு நாள் கழிச்சுத்தான் எங்களுக்கே தெரியும். இங்க எல்லார் பிள்ளைங்களும் ஜோகூர் பாரு, சிங்கப்பூர்னு போயாச்சு. வீடு வீடா போய் நல்லாருக்கீங்களான்னு கேட்டா இவங்களுக்கு ரோஷம் வந்துடும். பெரட்டுன்னா தானா வந்து நிப்பாங்க. பதில் வரலைன்னா நான் போய்க் கதவைத் தட்டுவேன்."

விடுமுறை முடிகிறது, நாளைக்கு நான் கிளம்புகிறேன், பெயரைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள் என்றேன்.

அவர் பெயர்ப் பட்டியலையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

"சேர்க்க வேணாம், அவங்க பேரை நீயே அடிச்சிடு. தெப்ராவ்லேருந்து தினமும் காலையில யார் போன்ல கூப்பிடுவீங்கன்னு மட்டும் பக்கத்துல எழுதிடும்மா."