பெரிய சாரின் கை

மூன்றாவது மாடியின் மீட்டிங் ஹாலில் பெரிய சார் மௌஸைப் பிடித்தார். கீழ்த்தளத்தில் வயர் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் அறைக் கதவில் ‘கணினி உதவிப் பிரிவு’ என்று எழுதியிருக்கும். பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். எந்நேரமும் கழுத்தில் ஏதாவது ஒரு வயர் தொங்குவதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மேலே இருக்கும் சாரின் கணினி இப்போது அவள் திரையில் அப்படியே விரிந்திருந்தது. அவள் இங்கே நகர்த்தினால், அங்கே சுவர் அகலத் திரையில் அம்பு நகரும். சேர்மனும் நான்கு இயக்குநர்களும் பார்ப்பது என்னவோ பெரிய சாரின் கையைத்தான். இந்த வயதில் என்ன வேகம் என்று வியந்துபோவார்கள்.

நான்கு வருடமாக இதே கூத்து. பொது மேலாளரான சாருக்குக் கணினியை ஆன் செய்யத் தெரியும். ஆஃப் செய்ய அவளைக் கூப்பிடுவார்.

அவர் சட்டைப் பையில் போன் திறந்தே இருக்கும். இங்கே அவள் காதில் அவர் குரல். “அடுத்ததாக” என்றால் அடுத்த பக்கம். “கவனிங்க” என்றால் அம்பால் ஒரு வட்டம். தொண்டையைச் செருமினால், ஐயோ, ஏதோ தப்பு, திரும்பிப் போ.

முதல் வாரம்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அவர் மேலே உருட்ட, இவள் கீழே உருட்ட, அம்பு பேய் பிடித்த மாதிரி ஆடியது. அதற்கு அவள் ஒரு வழி செய்தாள். அப்புறம் தொல்லையில்லை.

நாளாக ஆக சாருக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

“வண்டிய நான்தாம்மா ஓட்டறேன். நீ சும்மா பின்னாலேர்ந்து ஒரு தள்ளு தள்ளினா போதும்” என்பார்.

சரி சார் என்பாள். நாற்பத்தெட்டு வயதில், மூட்டுவலியை வைத்துக்கொண்டு, பெரிய இடத்தில் வாதாடி இருக்கிற வேலையையும் தொலைக்க அவளுக்கென்ன பைத்தியமா? வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். இது போனால் வேறு எவன் கூப்பிட்டுக் கொடுக்கப் போகிறான்?

இன்றும் பதினெட்டுப் பக்கங்கள் மளமளவென்று ஓடின. ஒரு செருமல் கூட இல்லை.

பத்தொன்பதாவது பக்கம் அவள் செய்ததல்ல. காலையில் சேர்மன் அறையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. பெரிய சார் முதல் கடைசி ஆள் வரை எல்லாப் பதவிகளும் வரிசையாக. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கட்டம். அடியில் ‘உறுதி செய்’ என்று ஒரு பொத்தான். தலைப்பு: நீக்கப்படும் பதவி.

“ஒண்ணைத் தூக்கியே ஆகணும் சார். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க” என்றார் சேர்மன். “உறுதி செஞ்சுட்டா அப்புறம் பேச்சே கிடையாது.”

“முடிவென்ன, என் கையாலயே டிக் பண்ணிடறேன்” என்றது பெரிய சாரின் குரல். “கணினி உதவிப் பிரிவு. வெட்டித் தண்டம் சார். இப்பல்லாம் அவங்கவங்க கம்ப்யூட்டரை அவங்கவங்களே பாத்துக்கறாங்க. என்னையே பாருங்களேன்!”



அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் வயர் அக்காவுக்கு எரிந்தது. இவள் காதில் விழும் என்பதே மனிதருக்கு மறந்துபோயிருந்தது. என் கழுத்தை அறுக்க என் கையிலேயே கத்தியைக் கொடுக்கிறாரே, பாவி மனுஷன்!

அம்பு அசையவில்லை.

மேலே மௌஸ் மேசையில் உராய்ந்தது. பிறகு அதைத் தட்டும் சத்தம். “அடுத்ததாக...” என்றார் சார். ஒரு செருமல். இன்னொரு செருமல்.

அம்பு புறப்பட்டது. கடைசி வரிக்கு, அவள் வரிக்கு, வந்து கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மேலே ஏறியது. காவலாளியைத் தொடவில்லை. ஓட்டுநரைத் தொடவில்லை. ஏறி ஏறி முதல் வரியில் போய் நின்றது.

பொது மேலாளர். டிக்.

உறுதி செய். டிக்.

 

‘நான் பண்ணலை, கீழே ஒரு அம்மா’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதவி பிழைத்துவிடும். இவள் வேலை அத்தோடு சரி. அந்த வார்த்தைக்காக அவள் காத்திருந்தாள்.

கைத்தட்டல்தான் வந்தது.

“சொந்த நாற்காலியையே தூக்கிட்டாரே! மனுஷன்னா இவர் மனுஷன்!” என்றார் சேர்மன்.

“கடமைதானே சார்” என்றார் பெரிய சார்.

சாயங்காலம் அவர் கீழே இறங்கி வந்தார். நான்கு வருடத்தில் அந்தப் படியில் அவர் கால் பட்டது அதுதான் முதல் தடவை. வயர் அக்கா எழுந்து நின்றாள். திட்டினால் என்ன சொல்வது, மிரட்டினால் என்ன சொல்வது என்று மதியத்திலிருந்து பதில்களைச் சேர்த்து வைத்திருந்தாள்.

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, நீ சரியாத்தான் தள்ளியிருப்ப. என் கைதான் எங்கயோ தப்பா பட்டுடுச்சு, இல்ல?”



திறந்து கிடந்த மேசை டிராயரை முழங்காலால் தள்ளி மூடினாள். நான்கு வருடத்துக்கு முன்பு அவர் மௌஸிலிருந்து அவள் கழற்றி வைத்த பேட்டரி உள்ளே கடகடவென்று உருண்டது.

“இருக்கும் சார்” என்றாள்.